கேட் திறந்தே இருக்க வேண்டும்

ஜனவரி 9

குட்டிக்கு,

போனில் பேசினால் அண்ணியும் நாத்தனாருமாகச் சண்டைதான் போடுகிறோம், எழுதினாலாவது பாதிக் கோபம் பேனாவிலேயே போய்விடும் என்று உன் அண்ணன் சொல்கிறார். அதனால் எழுதுகிறேன். கால்வாசிகூடப் போகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் வெளிநோயாளிகள் வரிசையில் உட்கார்ந்திருந்தபோது குவாரிக்காரன் வந்தான். யார் அது என்று கேட்பாய். தாடை உடைந்து ஒரு தையல்காரி வந்தாள், பின்னறையில் தங்க வைத்திருக்கிறேன் என்று போன மாதம் சொன்னேனே, அவள் புருஷன். கல் உடைக்கிற வேலை. கை இரண்டும் உலக்கை மாதிரி இருக்கும். சாக்கில் கல்லைக் கட்டிக்கொண்டு வந்து, கூலிக்கு வேலை செய்கிறவன் மாதிரி நிதானமாக ஒவ்வொன்றாக எடுத்து எறிந்தான். மருந்து அலமாரிக் கண்ணாடி மொத்தமும் போயிற்று. எடை பார்க்கிற மிஷின் போயிற்று. நிறைமாதக்காரி ஒருத்தி பெஞ்சுக்கு அடியில் படுத்துக்கொண்டாள், அவள்மேல் அவள் மாமியார் படுத்துக்கொண்டாள். அந்த மாமியாரின் முதுகில் விழுந்த கல்லுக்கு இன்னும் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நம் வாட்ச்மேன் மீசை, தடியை எடுத்துக்கொண்டு ஓடினார். அவர் உடம்பு உனக்குத் தெரியும், குஸ்தி போட்ட உடம்பு. இரண்டு பேரும் கட்டிப் புரண்டார்கள். அந்தப் பாவி மீசையின் காதைக் கடித்துத் துப்பிவிட்டான். கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே காது மடலைத் தேடி எடுத்துக் கழுவி, வைத்துத் தைத்துப் பார்த்தேன். பிடிக்கவில்லை, கறுத்துவிட்டது. மீசை என்னைத் தேற்றுகிறார், இன்னொரு காது இருக்கிறதாம்.

போகும்போது அவன் சத்தமே போடாமல் என்னிடம் சொன்னான்: "அவள என்கிட்ட அனுப்பிடுங்க சிஸ்டர். இல்லேன்னா அவ இருக்கிற எடத்துலயே முடிச்சிடுவேன்."

சொன்னதைச் செய்கிறவன் என்று தையல்காரி சொல்கிறாள். பல்லைக் கம்பி போட்டுக் கட்டியிருப்பதால் வாயைத் திறக்காமல் சொல்கிறாள்.

நீ ஊர் ஊராக இருக்கிற சின்னச் சின்ன மையங்களுக்கெல்லாம் நிதி தேடிக் கொடுக்கிறாய், பயிற்சி ஏற்பாடு செய்கிறாய். தொழுநோய் இல்லத்துக்கு வாங்கிக் கொடுத்தாய், பேச்சு வராத பிள்ளைகள் பள்ளிக்கு வாங்கிக் கொடுத்தாய். சொந்த அண்ணன் ஆம்புலன்ஸ் ஓட்டுகிற மையம் என்றால் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒரு முறை இருக்கிறது. பேருக்கு இந்த மையத்தின் செயலாளர் நீதான், நினைவிருக்கட்டும். விண்ணப்பத்துக்கு நானே ஒரு வரைவு எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அவளை இங்கே உயிரோடு வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

அண்ணி

ஜனவரி 21

அன்புள்ள அண்ணி,

காது விஷயத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். டப்பாவை மூடி வைத்துவிட்டேன். நீங்கள் எப்படித்தான் அதையெல்லாம் கையில் எடுத்துக் கழுவுகிறீர்களோ.

உங்கள் வரைவை எங்கள் அலுவலகமே படித்துவிட்டது. ஜன்னல் திறக்காத ஓர் அறை, மூன்று பேருக்கு ஒரு மேஜை, ஒருவர் சிரித்தால் மற்ற இருவருக்கும் தெரிந்துவிடும். "எங்கள் தேவைகள்: ஒரு சுவர், ஒரு பூட்டு, இரண்டு தடியன்கள்" என்று யாராவது விண்ணப்பம் எழுதுவார்களா? நிதி கொடுக்கிறவர்கள் அதைப் பார்த்தால் சிறைச்சாலை கட்டுகிறோம் என்றல்லவா நினைப்பார்கள்.

கோபப்படாதீர்கள், வேலையும் நடந்திருக்கிறது. எத்தனை பேரிடம் கேட்டேன் தெரியுமா? ஒருவர் கருத்தரங்கு நடத்தினால் மட்டும் கொடுப்பார். ஒருவர் கட்டடத்துக்குக் கொடுப்பார், அதில் வேலை செய்கிறவருக்குச் சம்பளம் கொடுக்க மாட்டார். இன்னொருவருக்குப் புதுமை வேண்டுமாம், தாடை உடைவது பழைய விஷயமாம். கடைசியில் ஓர் அறக்கட்டளை கிடைத்தது. கிராமத்து மருத்துவ மையங்களில் அடிபட்டு வரும் பெண்களுக்கென்றே கொடுக்கிறார்கள். பின்னறைக்குப் படுக்கைகள், இன்னொரு நர்ஸுக்குச் சம்பளம், அலமாரி எல்லாம் கிடைக்கும். எல்லோருக்கும் பயிற்சியும் உண்டு.

நிபந்தனைகள் இருக்கின்றன. பகலில் கேட் திறந்தே இருக்க வேண்டும். தடி, நாய், காவலாள் கூடாது; மீசை உதவியாளராக இருக்கலாம். வருகிறவர் யாராக இருந்தாலும் அவர்மேல் கை ஓங்க மாட்டோம் என்று எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். நீங்கள் பல்லைக் கடிப்பது இங்கே கேட்கிறது. ஆனால் இதற்கு ஒரு காரணம் இருக்கிறது அண்ணி. இவர்கள் முன்னால் பணம் கொடுத்த ஒரு விடுதியில் காவலாளே பெண்களை உள்ளே வைத்துப் பூட்டி, பெல்ட்டால் அடித்திருக்கிறார். ஒரு பெண் செத்துப்போனாள். அதன் பிறகு போட்ட விதி இது.

பயிற்சியாளர் வரும்போது வாயைக் கொஞ்சம் கட்டிப்போடுங்கள். என் மானம் உங்கள் கையில்.

குட்டி

மார்ச் 3

குட்டிக்கு,

படுக்கைகள் வந்துவிட்டன. அலமாரி வந்துவிட்டது. புது நர்ஸ் வந்திருக்கிறாள், ஊசி போடும்போது அவளே கண்ணை மூடிக்கொள்கிறாள், பழகிவிடுவாள். உன் பயிற்சியாளரும் வந்துவிட்டுப் போனார்.

வாயைக் கட்டிப்போடச் சொன்னாய். அவசியமே வரவில்லை. அந்த மனிதர் முன்பு மனநல ஆஸ்பத்திரி வார்டில் இருந்தவராம், முன்பல் நான்கும் ஒரு நோயாளி குத்தியதில் போனதாம். அவர் சொன்னதை நான் கேட்டுக்கொண்டேன். கோபத்தோடு வருகிறவனுக்கு முதலில் நாற்காலி கொடு. தண்ணீர் கொடு. உன் குரலை அவன் குரலுக்குக் கீழே வை. கை இரண்டையும் மார்பு உயரத்தில் விரித்து, உள்ளங்கை தெரியும்படி வை. உட்கார்ந்தவன் உடனே எழுந்து அடிக்க மாட்டான்.

நடித்துக் காட்டச் சொன்னார். நான் கோபக்காரப் புருஷன், உன் அண்ணன் மையத்து ஊழியர். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, நடிக்க ஆரம்பித்து நிஜமாகவே ஓங்கி ஒன்று விட்டேன். உன் அண்ணன் உதடு கிழிந்துவிட்டது. அப்போதும் அவர் உள்ளங்கையைக் கீழே இறக்கவில்லை. இதுதான் முன்மாதிரி என்று பயிற்சியாளர் எல்லோருக்கும் காட்டினார். வீட்டில் இத்தனை வருஷம் ஒத்திகை பார்த்ததாக உன் அண்ணன் சொல்லிச் சிரிக்கிறார்.

போலீஸ் வர எவ்வளவு நேரமாகும் என்று பயிற்சியாளர் கேட்டார். தலைக்குக் குளித்து, துணி துவைத்து, அது காய்ந்தும்விடும் என்றேன். காது போன புகாரையே இன்னும் எழுதிக்கொள்ளவில்லை என்றும் சொன்னேன். அவர் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். மீசை கையெழுத்துப் போட்டுவிட்டுத் தடியை என்னிடம் கொடுத்தார். இப்போது தோட்டத்தில் பாத்தி கட்டுகிறார்.

உனக்குச் சந்தோஷமான செய்தி ஒன்று. குவாரிக்காரன் முந்தாநாள் வந்தான். நாற்காலி போட்டேன், தண்ணீர் கொடுத்தேன். உட்கார்ந்தான். குடித்தான். பெஞ்சாதி எப்படி இருக்கிறாள் என்று கேட்டான். நன்றாக இருக்கிறாள், இப்போது பார்க்க முடியாது என்று மெதுவாகச் சொன்னேன். சுற்றுமுற்றும் பார்த்தான், கும்பிட்டான், போய்விட்டான். எனக்கே நம்ப முடியவில்லை. உன்னைப் பாராட்ட எனக்கு மனசு வராது என்பது உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதிவிட்டேன்.

தையல்காரி அவன் குரலைக் கேட்டதுமே தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தபடியே ஒன்றுக்குப் போய்விட்டாள். கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டவளை இழுத்துத்தான் வெளியே கொண்டுவந்தேன். எவ்வளவு அமைதியாகப் போனான் தெரியுமா என்று சொன்னேன். பல் கம்பிக்குப் பின்னாலிருந்து அவள் சொன்னாள்: "அவரு சத்தம் போடாம இருந்தாத்தான் சிஸ்டர் எனக்கு பயம்."

அடிபட்டவளுக்கு எதைப் பார்த்தாலும் பயம்தான் என்று நினைத்துக்கொண்டு நானும் விட்டுவிட்டேன்.

அண்ணி

மார்ச் 14

அன்புள்ள அண்ணி,

நீங்கள் பாராட்டிய வரியை வெட்டிச் சட்டம் போட்டு மாட்டலாம் என்றிருக்கிறேன். கல்யாணமாகி நீங்கள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இதுதான் முதல் தடவை.

குவாரிக்காரன் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனதை அறக்கட்டளைக்கு எழுதினேன். அவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. மற்ற மையங்களுக்கு உங்களையே பயிற்சி கொடுக்க அழைக்கலாம் என்கிறார்கள். அண்ணி பயிற்சி கொடுத்தால் எல்லோர் உதடும் கிழியும் என்று நான் சொல்லவில்லை.

ஒரே ஒரு விஷயம். நீங்கள் அனுப்பிய படத்தில் மீசை கேட் பக்கத்திலேயே நிற்கிறார். அவரைப் பார்த்தாலே காவலாள் என்று தெரிகிறது. அடுத்த மாதம் பார்வையிட வரும்போது அவர் பின்பக்கத் தோட்டத்தில் இருக்கட்டும். பின்னறைக் கதவும் திறந்திருக்கட்டும், அவர்கள் அதையெல்லாம் பார்ப்பார்கள். அண்ணனின் உதடு ஆறிவிட்டதா?

குட்டி

ஏப்ரல் 2

குட்டி,

ஆஸ்பத்திரிக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ போன் எடுக்கவில்லை. கூட்டம் என்று சொன்னார்கள்.

உன் அண்ணன் உயிரோடு இருக்கிறார். முதலில் அதைப் படித்துக்கொள்.

நேற்று நண்பகலில் அவன் வந்தான். கேட் திறந்திருந்தது. தோளில் சம்மட்டி. குவாரி வேலைக்குப் போகிற வழியில் வந்திருக்கிறான் என்று புது நர்ஸ் நினைத்திருக்கிறாள். நாற்காலி போட்டாள். அவன் நாற்காலியைத் தாண்டிப் போனான். பின்னறைக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று யாரையும் கேட்கவில்லை. போன முறை உட்கார்ந்து தண்ணீர் குடித்தானே, அப்போதே பார்த்து வைத்துக்கொண்டு போயிருக்கிறான்.

உன் அண்ணன் ஓடிப்போய் அந்த அறை வாசலில் நின்றார். கை இரண்டையும் விரித்து, மார்பு உயரத்தில், உள்ளங்கை தெரியும்படி. குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னார். அவருடைய வலது கையைக் கதவு நிலைச்சட்டத்தோடு வைத்து அவன் அடித்தான். உன் அண்ணன் கத்தினார், ஆனால் நகரவில்லை. இடது கையைக் கீழே இறக்கவும் இல்லை. அதையும் அடித்தான். எலும்பு நொறுங்குகிற சத்தம் எனக்குப் புதிதில்லை, ஆனால் அது நம் வீட்டு ஆளுடையதாக இருந்ததில்லை. கையெழுத்துப் போட்டிருக்கிறோமே என்று நின்றாராம் அந்த மனுஷன். காலால் ஓர் உதை உதைத்திருக்கலாம். அதற்குக்கூடக் கை ஓங்குவது என்று பேரா?

தலைக்குச் சம்மட்டியைத் தூக்கியபோது மீசை வந்துவிட்டார். பின்பக்கத் தோட்டத்திலிருந்து ஓடி வர வேண்டியிருந்தது. மண்வெட்டியின் பின்பக்கத்தால் மண்டையில் போட்டார். அவன் விழுந்தான். விழுந்த பிறகும் போட்டார். நான் போய்க் கையைப் பிடிக்கிற வரைக்கும் போட்டார்.

ஆம்புலன்ஸ் இருக்கிறது, ஓட்டுகிறவர் கை இரண்டும் கூழாகிக் கிடக்கிறார். நான்தான் ஓட்டினேன். எனக்குக் கியர் மாற்றத் தெரியாது. உன் அண்ணன் பின்னால் படுத்துக்கொண்டு "கிளட்ச், கிளட்ச்" என்று முனகிக்கொண்டே வந்தார். அதே வண்டியில்தான் அவனையும் ஏற்றினேன். அவன் தலைக்கு இறுக்கிக் கட்டுப் போட்ட பிறகுதான் வண்டியையே எடுத்தேன். நான் நர்ஸ், வேறென்ன செய்வேன்.

தையல்காரிக்கு ஒரு கீறல்கூட இல்லை. கட்டிலுக்கு அடியில் இருந்தாள்.

கூட்டம் முடிந்தால் வா.

அண்ணி

ஏப்ரல் 11

அன்புள்ள அண்ணி,

ஆஸ்பத்திரி வராந்தாவில் நீங்கள் அறைந்த அறையில் என் காதுக்குள் இன்னும் சத்தம் கேட்கிறது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டதையும் பார்த்தேன். நான் திருப்பி அறைந்ததற்கு வருத்தப்படவில்லை. அவர் எனக்கும் அண்ணன்தான், நீங்கள் வருவதற்கு முன்னாலிருந்தே. சொல்லாமல் பஸ் ஏறி வந்துவிட்டேன், அதற்கு மட்டும் வருந்துகிறேன்.

இனி எழுதப் போவதைப் படித்துவிட்டுக் கிழித்துப் போடாதீர்கள்.

குவாரிக்காரன் பிழைத்துவிட்டான். அவன் வக்கீல் நாம் கையெழுத்துப் போட்ட உறுதிமொழியை எங்கிருந்தோ வாங்கிவிட்டார். கை ஓங்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்து, பயிற்சியும் வாங்கிய ஆள், விழுந்து கிடந்தவனை மண்டையில் அடித்திருக்கிறார் என்கிறார். அதனால்தான் மீசையின் மேல் கொலை முயற்சி என்று கேஸ் போட்டிருக்கிறார்கள். காதைக் கடித்த பழைய பகையைத் தீர்த்துக்கொண்டாராம்.

அறக்கட்டளை ஒரு கடிதம் கேட்கிறது. மீசை பயிற்சிக்கு விரோதமாக நடந்தார், மையம் அவரை நீக்கிவிட்டது என்று. அது வரவில்லையென்றால் இந்த மாதத்தோடு நிதி நின்றுவிடும். பின்னறையை மூட வேண்டும், தையல்காரியை வெளியே அனுப்ப வேண்டும். அவளுக்காக வேறு மூன்று விடுதிகளில் கேட்டேன். கேஸ் இருக்கிறது, புருஷன் சம்மட்டியோடு வருவான் என்று தெரிந்ததும் ஒருவரும் இடம் கொடுக்கவில்லை. பொறுப்பாளர் என்ற முறையில் நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும். மீசை எப்படியும் உள்ளேதான் இருக்கிறார் அண்ணி. அவளாவது ஒரு கூரைக்குக் கீழே இருக்கட்டும்.

குட்டி

ஏப்ரல் 19

குட்டி,

போட மாட்டேன்.

உன் அண்ணனை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். வலது கையில் இரண்டு விரல் எடுத்துவிட்டார்கள். மிச்சமெல்லாம் கம்பி. சோறு ஊட்டி, கழுவி, சட்டை மாட்டி எல்லாம் நான்தான். நேற்று மூக்கில் ஈ உட்கார்ந்தது, ஓட்ட முடியவில்லை. அழுதார். நீ அந்த மனுஷன் அழுது பார்த்திருக்கிறாயா? நான் இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை.

அந்தத் தலை பிளக்காமல் இருப்பது மீசையால். அவரைக் காட்டிக் கொடுத்து வருகிற சோறு என் தொண்டையில் இறங்காது. உன் நிதியை நீயே வைத்துக்கொள். தையல்காரியை என் கட்டிலில் என் பக்கத்தில் படுக்கவைத்துக்கொள்கிறேன்.

திருப்பி அறைந்தாயே, அது பரவாயில்லை. வலித்தது. உன் கை இவ்வளவு கனம் என்று தெரியாது. ஆனால் அவர் கண் முன்னால் நாம் அதைச் செய்திருக்க வேண்டாம்.

அண்ணி

மே 4

அண்ணி,

நான் போட்டுவிட்டேன். செயலாளர் என்ற முறையில் என் கையெழுத்தே செல்லும். முதலில் உங்களைக் கேட்டது மரியாதைக்கு.

துரோகி என்று சொல்லுங்கள், வாங்கிக்கொள்கிறேன். நான் இங்கே ஏசி அறையில் உட்கார்ந்து ஜாலியாக இருக்கிறேன் என்று நினைக்கிறீர்கள். தினமும் இப்படித்தான் எதையாவது கொடுத்து எதையாவது வாங்குகிறேன். தொழுநோய் இல்லத்துக்குப் பணம் வாங்க அங்கே இருந்த கிழவர் ஒருவரை வெளியே அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். எந்த வார்த்தையை எழுதினால் எவ்வளவு பேர் பிழைப்பார்கள் என்று பார்க்கிற வேலை இது. உங்கள் நெஞ்சுரத்தை விண்ணப்பத்தில் எங்கே எழுதுவது? நிதி தொடர்கிறது. பின்னறை இருக்கிறது. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், அவளை வெளியே அனுப்ப வேண்டியதில்லை.

இதைவிட மோசமான செய்தி ஒன்று. நம் கடிதத்தைக் காட்டியே மீசையின் ஜாமீனை மறுத்துவிட்டார்கள். அதே நாளில் குவாரிக்காரனுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. தலையில் காயம்பட்டவன், ஓட முடியாதவன் என்று. உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன். அவன் வந்து ஏதாவது செய்தால் சொல்லுங்கள், வருகிறோம் என்றார்கள். செய்த பிறகு சொல்வதற்கு யார் இருப்பார்கள் என்று கேட்டேன், வைத்துவிட்டார்கள்.

இது இப்படி வந்து முடியும் என்று சத்தியமாக நான் நினைக்கவில்லை அண்ணி. எனக்குப் பயமாக இருக்கிறது. லீவு கேட்டிருக்கிறேன். இரண்டு வாரத்தில் வருகிறேன், வந்தால் வாசலில் நிறுத்திவிடாதீர்கள்.

குட்டி

மே 12

குட்டி,

போலீஸுக்குச் சொல்லிவிட்டேன். அவர்கள் வர நேரமாகும், அதற்குள் எழுதி, படம் எடுத்து உன் போனுக்கு அனுப்பிவிடுகிறேன். யாராவது உனக்கு வேறு மாதிரி சொல்வார்கள். நடந்தது இதுதான்.

இன்றைக்கு வெளிநோயாளிகள் கிடையாது. புது நர்ஸ் வேலையை விட்டுப் போய் ஒரு வாரமாகிறது. நான், படுக்கையில் உன் அண்ணன், பின்னறையில் அவள், அவ்வளவு பேர்தான். சாப்பாட்டு நேரத்தில் அவன் வந்தான். இடுப்பில் கத்தி. தலையில் அழுக்குக் கட்டு, சீழ் வாடை என் வரைக்கும் வந்தது.

பயிற்சியில் சொன்ன எல்லாவற்றையும் செய்தேன், ஒன்று விடவில்லை. உள்ளங்கையைக் காட்டினேன். குரலைக் கீழே வைத்தேன். நாற்காலி போட்டேன். கட்டு இவ்வளவு அழுக்காயிருக்கிறதே, மாற்றிவிடுகிறேன் என்றேன். உட்கார்ந்தான். கத்தியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். தண்ணீர் கொடுத்தேன், குடித்தான். சுத்தமான துணி எடுத்து வருகிறேன் என்று வெளியே போய் கேட்டைப் பூட்டினேன். பகலில் பூட்டக் கூடாது என்பது உன் ஒப்பந்தம். பூட்டினேன். திரும்பி வரும்போது ஆக்சிஜன் சிலிண்டர் திறக்கிற பெரிய ஸ்பேனரைத் துணிக்கு அடியில் எடுத்து வந்தேன்.

பின்னால் நின்று கட்டைப் பிரித்தேன். தலையைக் குனிந்து காட்டினான், சின்னப் பிள்ளை மாதிரி. என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நீங்க கட்டு போடுங்க சிஸ்டர். அப்புறம் உள்ள போய் அவள முடிச்சிட்டு நான் பாட்டுக்குப் போயிடறேன். உங்கள ஒண்ணும் பண்ண மாட்டேன்."

உட்கார்ந்தவனின் கோபம் இறங்கிவிடும் என்றார் பயிற்சியாளர். இறங்கித்தான் இருந்தது. அவ்வளவு சாந்தமாகச் சொன்னான். நான் அடித்தேன். தையல் போட்டிருந்த இடத்திலேயே அடித்தேன். நாற்காலியோடு சாய்ந்தான். கத்தி மடியிலிருந்து விழுந்தது, அதைக் காலால் தள்ளிவிட்டேன்.

கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். நாடி இருந்தது. கட்டுத் துணி என் கையிலேயே இருந்தது. அன்றைக்குக் கட்டியது மாதிரி இறுக்கிக் கட்டியிருந்தால் பிழைத்திருப்பான். பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். நாடி நிற்கிற வரைக்கும் விரலை எடுக்கவில்லை.

பயத்தில் செய்தேன் என்று சொல்லச் சொல்வார்கள். கோர்ட்டில் சொல்வேனோ என்னவோ, உன்னிடம் சொல்ல மாட்டேன். உன்மேல் இருந்த கோபம்கூட அந்த அடியில் இருந்தது. அதையும் தெரிந்துகொள். இப்போது அது இல்லை. வேறு எதுவும்கூட இல்லை.

தையல்காரி வெளியே வந்தாள். பார்த்தாள். தான் தைத்த போர்வை ஒன்றை எடுத்து வந்து அவன்மேல் போட்டாள். பிறகு, பசிக்கிறது என்றாள். கம்பி எடுத்த பிறகும் அவள் வாயைத் திறந்து சாப்பிட்டதில்லை, கஞ்சியைத்தான் உறிஞ்சிக்கொண்டிருந்தாள். உள்ளே போய்ச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள், மெல்லுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது.

உன் அண்ணனிடம் நானே சொல்லிவிட்டேன். கட்டுப் போட்ட கையைத் தூக்கி என் தோள்மேல் வைத்தார், வலித்திருக்கும்.

வருகிற வாரம் வேண்டாம், இன்றைக்கே கிளம்பு. மீசை அடித்தது சரிதான் என்று எழுதி, அதே செயலாளர் கையெழுத்தைப் போட்டு அவருடைய வக்கீலிடம் கொடு. நிதி போனால் போகட்டும், இனி அவளைத் தேடி வர ஆளில்லை. நாளைக்குத் திங்கள்கிழமை, வரிசையில் ஆட்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள், வாரம் ஒரு நாள் வருகிற டாக்டருக்குப் போன் பண்ணி நாளைக்கே வரச் சொல். முதுகில் கல் விழுந்த அந்த மாமியாருக்கு மருந்து மேல்தட்டில் இருக்கிறது.

உன் அண்ணனுக்கு இனி நீதான் ஊட்ட வேண்டும். சூடாக இருந்தால் சொல்ல மாட்டார், அப்படியே விழுங்கிவிடுவார். ஊதிக் கொடு.

அண்ணி